வாய்தாவில் வாய் இருக்கிறதா?

பிப்ரவரி 2, 2025 – வாசகர் ஒருவர் கேட்டது

"கையைக் கட்டிக் கூட்டிப்போவதால் அது கைது. வாயால் தரும் தவணை என்பதால் வாய்தா. தகர்த்துக்கொள்வதால் தகராறு. சவரன்கூடத் தமிழ்தான். இவற்றை எல்லாம் உருது, அரபி என்று எழுதிவைத்தவர்களுக்குச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 2, மாலை

முடியும். ஒரே மூச்சில் முடியாது.

வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளி ஓய்ந்தவன் நான். எனக்குச் சோறு போட்ட சொல் வாய்தா. காலையில் ஆபீஸ் திறந்ததும் வாய்தா டைரியைப் புரட்டி, இன்றைக்கு எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் என்று சீட்டு எழுதி வக்கீல் மேசையில் வைப்பதுதான் முதல் வேலை. 'வாயால் தருவதுதானே வாய்தா' என்று கட்சிக்காரர்களிடம் நானே வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அது வேடிக்கை, அவ்வளவுதான்.

அரபியில் 'வஅதா' என்றால் வாக்குறுதி. இந்தியில் வாதா, மராத்தியிலும் குஜராத்தியிலும் வாயதா. சரக்கைப் பின்னால் தருவதாகச் சொல்லி இன்றே விலை பேசிக்கொள்ளும் முன்பேரச் சந்தைக்கு அங்கே 'வாயதா பஜார்' என்று பெயர். கிஸ்து (நிலவரித் தவணை) கட்டவோ கோர்ட்டுக்கு வரவோ 'இந்தத் தேதியில் வருகிறேன்' என்று ஒப்புக்கொண்ட கெடு நம்மிடம் வாய்தா ஆயிற்று. கொடுத்த வாக்கைக் குறித்த சொல், வாக்கைத் தள்ளிப்போடுவதைக் குறிக்க ஆரம்பித்தது எப்படி என்று கேட்பவர்கள் ஏதாவது ஒரு முன்சீப் கோர்ட் வாசலில் ஒரு வாரம் நின்று பார்க்கலாம்.

முன்சீப்பும் அரபிதான். 'நிஸ்ஃப்' என்றால் பாதி. அதே வேரிலிருந்து வந்த முன்சிஃப், இரண்டு பக்கத்துக்கும் சமமாக நடப்பவர்.

பிப்ரவரி 2, இரவு

கைதை விட்டுவிட்டேன். அரபி 'கைத்' என்றால் தளை, விலங்கு. ஆகவே கேள்வி கேட்டவர் பொருளைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார், வந்த வழியைத்தான் பிடிக்கவில்லை. ஒலியும் பொருளும் இப்படி ஒத்துப்போகிற சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். 'கை'யைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டால், கைதுவில் மிஞ்சும் 'து'வும் கைதியில் மிஞ்சும் 'தி'யும் என்ன என்று யாராவது சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4

தகராறு எனக்குப் பிடித்த சொல். அரபியில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்தல், சொன்னதையே சொல்லுதல். சுவர்த் தகராறு வழக்கு ஒன்றில் அண்ணன் தம்பி இருவரும் எங்கள் ஆபீஸ் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் "அளந்து பாரு" என்பார். இளையவர் "அப்பா இருக்கும்போதே அளந்தாச்சு" என்பார். "அளந்து பாரு." "அளந்தாச்சு." டீ வந்தது, குடித்தார்கள், மறுபடியும் "அளந்து பாரு." அரபிக்காரர்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சவாலும் இந்த வகைதான். மூலத்தில் வெறும் கேள்வி. இந்தியில் இன்றும் கேள்விதான். நம் ஊருக்கு வந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டது.

ஜாமீனில் வேறு வேடிக்கை. 'ளாமின்' என்ற அரபிச் சொல்லுக்கே பிணை நிற்கும் ஆள் என்றுதான் பொருள். அதை உருது 'ஜாமின்' ஆக்கியது, நாம் பிணைக்கே பெயராக்கிக்கொண்டோம். பிறகு ஆளைச் சொல்ல வேறு வழியில்லாமல் பாரசீகத்து 'தார்', அதன் மேல் நம்முடைய மரியாதை 'அர்', எல்லாம் சேர்ந்து ஜாமீன்தாரர். மூன்று மொழிக்காரர்கள் சேர்ந்து பிணை நிற்கிறார்கள்.

பிப்ரவரி 5

ராஜினாமாவில் ராஜா இல்லை. அதையும் ஒருவர் கேட்டுவிட்டார்.

'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் எழுத்து, பத்திரம். சம்மதப் பத்திரம். இந்திச் செய்திகளில் ராஜிநாமா என்று வந்தால் இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்று அர்த்தம். வேலையை விடுவதற்கு அங்கே 'இஸ்தீஃபா'. நம் பக்கம் மட்டும் ஏன் விலகலாயிற்று? பழைய பம்பாய் மாகாண நில வருவாய் வழக்கத்தில் இதற்குத் தடயம் இருக்கிறது. நிலத்தை விட்டுக்கொடுக்கும் குடியானவர் 'விட்டுக்கொடுக்கச் சம்மதம்' என்று எழுதித் தருவது ராஜிநாமா, அதை வாங்கிக்கொள்பவர் எழுதித் தருவது கபூலியத். நிலத்தை விடச் சம்மதித்த எழுத்து, பதவியை விடும் எழுத்தானதில் ஆச்சரியம் இல்லை. நம் கோர்ட்டுகளிலோ "ரெண்டு பேரும் ராஜி ஆயிட்டாங்க" என்ற பழைய பொருளும் சாகவில்லை. ஒரே கட்டடத்தில் ராஜி என்றால் சேர்வது, ராஜினாமா என்றால் பிரிவது.

பிப்ரவரி 5, சிறிது நேரம் கழித்து

பினாமி: 'பே' இல்லாமல், 'நாம்' பெயர். பெயரில்லாதது. 1988இல் வந்த தடைச் சட்டத்துக்கும் அதுவே பெயர். பெயரில்லாததன் பெயரில் ஒரு சட்டம்.

பிப்ரவரி 9

"நீங்கள் சொல்வதும் ஊகம்தானே, நாங்கள் சொல்வதும் ஊகம்தானே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சொல்லைக் கத்தரித்துப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தமிழ்ச் சொல்லையும், எந்தத் துருக்கிச் சொல்லையும் இரண்டாக வெட்டினால் ஏதோ ஒரு துண்டு நமக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கும். பார்க்க வேண்டியது வேறு. யார் கொண்டுவந்தார்கள், அதே ஆட்கள் வேறு எங்கே போனார்கள், அங்கேயும் இதே சொல் கிடக்கிறதா?

ஜன்னலை எடுங்கள். போர்த்துகீசிய மொழியில் 'ஜனெலா'. லத்தீனில் கதவைக் குறித்த 'யானுவா'வின் குட்டி வடிவம் அது, சின்னக் கதவு. சரி, ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். அதே போர்த்துகீசியர்கள் கிழக்கே மலாக்காவுக்கும் அதைத் தாண்டிய தீவுகளுக்கும் போனார்கள். இந்தோனேசிய மொழியில் ஜன்னலுக்கு என்ன சொல்? 'ஜெண்டெலா'. மேசைக்கு 'மேஜா'. அலமாரிக்கு 'லெமாரி'. ஏலத்துக்கு 'லேலாங்'. ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான் முழுக்க ஒத்துப்போனால்?

ஏலம் பற்றி இன்னும் கொஞ்சம். போர்த்துகீசிய 'லெய்லாவ்' அரபியிலிருந்து அவர்கள் எடுத்தது. 'அல் இஃலாம்', அறிவிப்பு. அது இந்தியில் நீலாம், இந்தோனேசியாவில் லேலாங், நம்மிடம் முன்னெழுத்தைத் தொலைத்துவிட்டு ஏலம். ஏலக்காய்க்கும் இதற்கும் உறவில்லை, ஏலக்காயை ஏலம் விட்டாலும்கூட.

பிப்ரவரி 10

மேலே சொன்னதில் போர்த்துகீசியர்கள் மட்டும் வந்தார்கள். டச்சுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. கொஞ்சம் நாற்றமடிக்கும்.

கக்கூஸ். பலரும் இதை ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள். டச்சு மொழியில் 'காக்' மலம், 'ஹௌஸ்' வீடு, 'காக்ஹௌஸ்'. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610 வாக்கில் பழவேற்காட்டில் கால் வைத்தது, 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது, 1658இல் போர்த்துகீசியர்களிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது. அதே கம்பெனிக்கு 1619 முதல் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா, தலைமையிடம். ஜகார்த்தாவில் கழிப்பறைக்குப் பழைய சொல் என்ன தெரியுமா? 'காக்குஸ்'. சிங்களத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. மூன்று நாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே தேவை.

துட்டும் அவர்கள் விட்டுப்போனதுதான். 'டௌட்' என்பது அவர்களுடைய செப்புக்காசு. இந்தோனேசியப் பேச்சுவழக்கில் பணத்துக்கு இன்றும் 'டுவிட்'. நாம் "துட்டு இருக்கா?" என்கிறோம். கம்பெனி திவாலாகி இருநூறு வருடத்துக்கு மேலாயிற்று, காசு மட்டும் இரண்டு கரையிலும் செல்லுபடியாகிறது.

பிப்ரவரி 11

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் அனுப்பியது இது. நான் தட்டிக் கொட்டவில்லை, அப்படியே தருகிறேன்: கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), சப்பாத்து (காலணி), கதிரை (நாற்காலி), குசினி (சமையலறை), அலவாங்கு (கடப்பாரை), வாங்கு (பெஞ்சு), தவறணை (கள்ளுக்கடை). இதில் கந்தோரும் லாச்சியும் டச்சு. மற்றவை போர்த்துகீசியம். இந்தோனேசியாவில் அலுவலகம் 'கான்டோர்', இழுப்பறை 'லாச்சி', சப்பாத்து 'செபாத்து'.

இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸுக்குப் பத்திர நகல் கேட்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வந்திருந்தார். "தம்பி, இது வக்கீல் கந்தோர்தானே?" என்றார். நான் கந்துவட்டிக்காரர் யாரையோ தேடுகிறார் என்று நினைத்து, "அது பக்கத்துத் தெருங்க ஐயா" என்று அனுப்பப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நான் கட்டுகளைப் புரட்டிக் களைத்த பிறகு, "உந்த லாச்சிக்குள்ள ஒருக்காப் பாருங்கோ தம்பி" என்றார். கை காட்டிய திசையைப் பார்த்துத்தான் இழுப்பறையைச் சொல்கிறார் என்று புரிந்தது. நகல் அங்கேதான் இருந்தது.

நாற்காலிக்கு நாம் காலை எண்ணிப் பெயர் வைத்தோம். மேசைக்கும் நாலு கால்தானே, அதை ஏன் எண்ணவில்லை?

பிப்ரவரி 14

கடுதாசியைச் சொல்லாமல் போனால் பாவம். போர்த்துகீசிய 'கர்த்தாஸ்' சாதாரணக் காகிதம் அல்ல. இந்தியப் பெருங்கடலில் ஓடும் கப்பல்கள் அவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டிய அனுமதிச் சீட்டு. கர்த்தாஸ் இல்லாத கப்பல் கண்ணில் பட்டால் பிடித்துக்கொள்வார்கள், சரக்கும் போயிற்று. அவர்களுக்கு அந்தச் சொல் அரபி 'கிர்தாஸ்' வழியாக வந்தது, அதற்கும் பின்னால் கிரேக்கம். நம்மிடம் அது மாமா எழுதும் கடுதாசி ஆகிவிட்டது, ஈழத்தில் வெறும் தாளே கடதாசி. 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று ஊரில் சொன்னால் மட்டும் அந்தப் பழைய கிலி கொஞ்சம் திரும்பி வரும். கடன் கொடுத்தவர்களுக்கு.

பிப்ரவரி 15

"அப்படியானால் தமிழில் தமிழே இல்லையா?" என்று கோபமாக ஒரு குறிப்பு. கோபம் வேண்டாம் ஐயா. நாமும் ஏற்றுமதி செய்திருக்கிறோம். மலாய் மொழியில் கப்பலுக்கு 'காபால்', கடைக்கு 'கெடாய்'. நம் சுருட்டைப் போர்த்துகீசியர்கள் 'ஷருத்து' என்று ஊதினார்கள். மாங்காய் உலகம் முழுக்கப் போய்விட்டது, கட்டுமரமும் அப்படியே.

ஜன்னலுக்கு நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர் மாளிகை' என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்ணைப் போன்ற காற்று வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றுக் கண்'. புகாரில் கட்டியவரும் வடகடல் ஓரம் கட்டியவரும் சந்தித்துப் பேசியிருக்க வாய்ப்பில்லை. இங்கே கடத்திவந்தவர் யாரும் கிடையாது, இரண்டு பேருக்கும் தனித்தனியே தோன்றியது. என் அளவுகோல் இந்த மாதிரி இடத்துக்கும் உதவும்: கொண்டுவந்த ஆள் இல்லையென்றால் கடன் இல்லை.

பிப்ரவரி 20

பழமொழிக்கு வருகிறேன், நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உண்மையான பொருள்' வகையறா.

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது தப்பாம். அது 'மண் குதிர்', ஆற்று நடுவில் உள்ள மணல் திட்டாம். தமிழ்நாட்டில் குதிர் என்றால் நெல் கொட்டிவைக்கும் மண் கூடு. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியே இருக்கிறதே! அங்கே அப்பனை மணல் திட்டுக்குள்ளா ஒளித்துவைத்தார்கள்? ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரை ஊர் எல்லையில் நிற்கிறது, ஏறி ஆற்றில் இறங்கினால் கரைந்துவிடும். நக்கல் தெளிவாகத்தான் இருக்கிறது. அதைத் திருத்துவானேன்?

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதை 'சஷ்டியில்' என்று ஆக்கி விரதம் இருக்க வைத்தாயிற்று. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதை 'வேரைக் கண்டவன்' என்று கழுவியாயிற்று. இந்தத் திருத்தங்களில் ஒரு ஒற்றுமை தெரிகிறதா? எல்லாமே குறும்பை எடுத்துவிட்டு ஒழுக்கத்தை வைக்கின்றன. பழமொழியை உண்டாக்கியவர்கள் களத்துமேட்டிலும் சந்தையிலும் நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள். வைத்தியரைக் கிண்டலடிக்க அவர்களுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. பெர்சிவல் பாதிரியார் 1842இல் யாழ்ப்பாணத்திலும், ஜென்சன் பாதிரியார் 1897இலும் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். திருத்த விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் பழைய அச்சுப் பக்கத்தில் தங்கள் பாடத்தைக் காட்டட்டும்.

பிப்ரவரி 21

வசவுச் சொற்களைக் கேட்டவருக்கு, சபை நாகரிகம் கருதிச் சுருக்கமாக. கஸ்மாலம் என்று சென்னையில் திட்டுகிறார்களே, அது பகவத் கீதையில் இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டாவது சுலோகத்தில் இருக்கிறது. 'குதஸ்த்வா கச்மலம் இதம்', இந்த அழுக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் அர்ஜுனனைக் கேட்கிறார். பேமானி பாரசீகமும் அரபியும் கலந்தது, 'பே' 'ஈமான்', நாணயமில்லாதவன். சோமாரி தெலுங்குச் சோம்பேறி. முடிச்சவிக்கி சுத்தத் தமிழ். வேட்டி முனையில் காசை முடிந்துவைத்த காலத்தில் அந்த முடிச்சை அவிழ்த்தவன். ஆட்டோவுக்குக் குறுக்கே போய் இந்த நாலையும் ஒரே வாக்கியத்தில் வாங்கியவன் நான், அதனால் வரிசை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 23

ஊர்ப் பெயர்கள். பாரிமுனை, கடையெழு வள்ளல்களில் ஒருவரான பாரியின் பெயரால் வந்தது என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் என்னிடம் சத்தியம் செய்தான். முல்லைக்குத் தேர் கொடுத்தவர் சென்னையில் மூலைக்கட்டடமும் கொடுத்திருக்கலாம் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அது தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டுக்காரர், 1788இல் மதராஸுக்கு வந்து வியாபாரம் தொடங்கியவர். பஸ் கண்டக்டர் 'பாரீஸ், பாரீஸ்' என்று கூவுவது பிரெஞ்சுத் தலைநகரையும் அல்ல.

ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் ஒளிவுமறைவே இல்லை. அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் டியூடர் அங்கே ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் மதராஸுக்கு அனுப்பினார். அதை வைக்க 1842இல் கடற்கரையில் கட்டிய கிடங்கு அது. இன்று விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி தீர்ந்து எத்தனையோ காலமாயிற்று, பேருந்து நிறுத்தம் உருகவில்லை.

ஒட்டகமண்டலத்தில் ஒட்டகம் கிடையாது. 1821இல் மதராஸ் கெசட்டில் 'வோட்டக்கிமண்ட்' என்று அச்சானது. 'மந்து' என்பது தோடர் குடியிருப்பு. அதற்கு நாம் ஒட்டகம் ஏற்றினோம், பிறகு வடமொழித் தண்ணீர் ஊற்றி உதகை ஆக்கினோம். கடைசியில் ஊட்டி என்று மூன்றெழுத்தில் எல்லாரும் ராஜி ஆனார்கள்.

பிப்ரவரி 23, இரவு

பரங்கியை மறந்தே போனேன். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய். ரைன் ஆற்றங்கரையில் இருந்த ஃபிராங்க் என்ற ஜெர்மானியக் குலத்தின் பெயரை அரபிகள் ஐரோப்பியர் எல்லாருக்கும் சூட்டினார்கள். அது பாரசீகத்தில் 'ஃபரங்கி', நம்மிடம் பரங்கி. பூசணி வகைக் காய் ஒன்று அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தபோது அதையும் பரங்கி என்றோம். விழுப்புரம் பக்கத்து மல்லாட்டையும் (வேர்க்கடலை) அப்படித்தான், அது மணிலாக்கொட்டை. தென்னமெரிக்கச் செடிக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர். கொண்டுவந்து இறக்கியவன் எந்த ஊரைச் சொன்னானோ அதுதான் சந்தையில் பெயர்.

பிப்ரவரி 26

சவரன் பாக்கி இருக்கிறது, கேட்டவர் நினைவூட்டிவிட்டார். அது 'சாவரின்', 1817 முதல் இங்கிலாந்து அச்சடித்த தங்கக் காசு. எடை 7.98 கிராம். நகைக்கடையில் ஒரு சவரன் ஏன் 8 கிராம், ஏன் 10 இல்லை என்று கேட்டுப் பாருங்கள். காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை மட்டும் தராசில் உட்கார்ந்துகொண்டது. பவுன் என்றாலும் அதே காசுதான், அதன் மதிப்பு ஒரு பவுண்டு. இதைத் தமிழாக்க வேண்டுமென்றால் சவரத்தோடுதான் சேர்க்க வேண்டும். செய்கூலி, சேதாரம் கணக்கைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

மார்ச் 1

கடைசியாகக் கேட்ட தங்கைக்கு: ஆமாம்மா, நானூற்று இருபது என்பது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே இல்லை. புதிய சட்டத்தில் மோசடி 318ஆவது பிரிவு. வக்கீல்கள் மனுவில் மாற்றி எழுதப் பழகிவிட்டார்கள். கட்சிக்காரர்கள் திண்ணையில் இன்னும் "அவன் சரியான நானூத்தி இருபது சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இளைய குமாஸ்தா ஒருவர் "முந்நூத்திப் பதினெட்டுங்க" என்று திருத்தினாராம். "அது எந்த ஊரு பஸ்ஸு?" என்று கேட்டிருக்கிறார் கட்சிக்காரர்.